சிரிப்பு ரவுடிகளும் விசில் ரசிகர்களும்

1992 மே 22. டோக்கியோவில் தன் வீட்டருகே வந்துகொண்டிருந்த இயக்குநர் ஜூஸோ இதாமியை ஐந்து பேர் மடக்கினார்கள். கத்தியால் முகத்தைக் கிழித்துவிட்டு ஓடினார்கள். அவருடைய 'மின்போ' படம் தியேட்டருக்கு வந்து ஆறே நாள்தான் ஆகியிருந்தது. பின்னர் பிடிபட்ட ஐவரும், ஜப்பானின் மிகப் பெரிய யாகுஸா (ரவுடி) கூட்டமான யமகுச்சி-குமியின் ஒரு கிளையைச் சேர்ந்தவர்கள்.

அப்படி என்னதான் எடுத்துவிட்டார் இதாமி? ஒரு பெரிய ஹோட்டல். யாகுஸாக்கள் அங்கே வந்து உட்கார்ந்து, சாப்பாட்டில் கரப்பான் பூச்சி கிடந்தது என்று கூச்சல் போட்டுப் பணம் பறிக்கிறார்கள். நடுங்கிப்போன நிர்வாகம் ஒரு பெண் வழக்கறிஞரைக் கூட்டிவருகிறது. அவர் ஊழியர்களுக்கு ஒரே ஒரு பாடம்தான் எடுக்கிறார்: கத்துவார்கள், மேசையைத் தட்டுவார்கள், ஆனால் கை வைக்க யோசிப்பார்கள், பயப்படாமல் உட்கார்ந்திருங்கள். பயம் போனதும் யாகுஸாக்கள் வெறும் கத்தல் ஆசாமிகளாகச் சுருங்கிப் போகிறார்கள். தியேட்டர் சிரிக்கிறது. அதுவரை ஜப்பானிய சினிமா அவர்களை மானம், வாக்கு, தியாகம் என்று வாழும் வீரர்களாகக் காட்டிக் காட்டி வளர்த்திருந்தது. அந்த வருடம் மார்ச்சில்தான் அரசும் அவர்களை ஒடுக்கப் புதுச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்திருந்தது. சட்டம் போட்டவர்கள் முகத்தை யாரும் கிழிக்கவில்லை. சிரிக்க வைத்தவர் முகத்தைக் கிழித்தார்கள்.

ரவுடித்தனம் பயத்தை முதலாகப் போட்டு நடத்தும் வியாபாரம். கடைக்காரர் மாமூலை எடுத்து நீட்டுவது, அரிவாள் வெளியே வந்த பிறகு இல்லை. வரும் என்று நம்புகிறாரே, அப்போது. ஒரு கடைக்காரர் சிரித்துவிட்டால் பக்கத்துக் கடைக்காரருக்கும் தைரியம் வந்துவிடும். இந்தக் கணக்கு யாகுஸாக்களுக்குப் புரிந்தது. நம்மூர் சினிமாக்காரர்களில் சிலருக்கும் நன்றாகவே புரிந்திருக்கிறது. ரசிகர்களுக்கு? அங்கேதான் விஷயம் சிக்கலாகிறது.

ஜீப்பில் தானாக ஏறியவர்

தமிழ் சினிமா ரொம்ப காலம் ரவுடியை இரண்டே விதமாகத்தான் பார்த்தது. ஒன்று, கோடு போட்ட பனியனும் கழுத்தில் கைக்குட்டையுமாக வந்து, ஹீரோவிடம் வரிசையில் நின்று அடி வாங்கும் அடியாள். இன்னொன்று, மக்கள் கையெடுத்துக் கும்பிடும் தாதா. பம்பாய் வரதராஜ முதலியாரின் வாழ்க்கையிலிருந்து பிறந்த 'நாயகன்' 1987-ல் வந்தது; 1991-ல் 'தளபதி'; 1995-ல் 'பாட்ஷா'. மூன்றையும் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு தாதா என்றால் வெள்ளை வேட்டி, நிதானமான நடை, நீதி வழங்கும் குரல்.

அந்தப் பிம்பத்தில் ஓட்டை போட்டவர் வடிவேலு. 2003-ல் 'வின்னர்' படத்தில் கைப்புள்ளையாக வந்து ஒரு சங்கத்துக்கே தலைமை தாங்கினார். 2006-ல் 'தலைநகரம்' படத்தில் நாய் சேகர். போலீஸ் ஊரில் உள்ள ரவுடிகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போகிறது. இவரை மட்டும் யாரும் சீண்டவில்லை. அவமானம் தாங்காமல் தானே போய் வண்டியில் ஏறி, தெருவே கேட்கும்படி "நானும் ரவுடிதான்" என்று அறிவிக்கிறார்.

இருபது வருடமாக இதற்குச் சிரித்துக்கொண்டிருக்கிறோம். கொஞ்சம் நிறுத்தி யோசித்தால், தமிழ்நாட்டு ரவுடியைப் பற்றி எடுக்கப்பட்ட மிகத் துல்லியமான காட்சிகளில் இதுவும் ஒன்று. இங்கே ரவுடி என்பது போலீஸ் கொடுக்கும் பட்டம். சரித்திரப் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். அதிலும் ஏ பிளஸ், ஏ, பி, சி என்று தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். (சினிமாக்காரர்கள் ஊர்களை ஏ, பி, சி சென்டர் என்று பிரிப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும் ஒற்றுமை ரசிக்கத்தக்கது.) போலீஸ் பார்வையில் படாதவனுக்குத் தெருவில் மதிப்பில்லை என்பதை ஒரு நகைச்சுவை நடிகர் மூன்று நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போனார். அந்த வசனம் 2015-ல் விக்னேஷ் சிவன் படத்துக்குத் தலைப்பானது. நாய் சேகர் என்ற பெயரோ 2022-ல் மட்டும் இரண்டு படங்களின் தலைப்பில் ஏறியது.

நிஜம் பின்னாலேயே வந்து சேர்ந்தது. 2018 பிப்ரவரியில் சென்னைப் புறநகரான மலையம்பாக்கத்தில் ஒரு ரவுடியின் பிறந்தநாள் விழா. அரிவாளால் கேக் வெட்டினார்கள். போலீஸ் சுற்றி வளைத்து எழுபதுக்கும் மேற்பட்டவர்களை ஒரே ராத்திரியில் அள்ளியது. தப்பி ஓடிய விழா நாயகர் சில நாளில் சரணடைந்தார். பிறகு வெளியான வீடியோவில், தான் அவ்வளவு பெரிய ரவுடியெல்லாம் இல்லை, உடம்பு சரியில்லாதவன் என்று பேசினார். நாய் சேகர் வசனத்தை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போட்ட மாதிரி இருந்தது. மீம் போடுகிறவர்களுக்கு அந்த வாரம் தூக்கமே இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்து, அந்தக் கேக் வெட்டும் பழக்கம் அதோடு நிற்கவில்லை. வருடத்துக்கு நாலு தடவையாவது, ஏதோ ஒரு ஊரில் பட்டாக்கத்தியால் கேக் வெட்டிய இளைஞர்கள் கைது என்று செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. ஊர் சிரித்தது. சிரிப்புக்குப் பயந்து யாரும் கத்தியைக் கீழே போடவில்லை.

'டொக்கு' என்ற ஒரு சொல்

2011-ல் தியாகராஜன் குமாரராஜாவின் 'ஆரண்ய காண்டம்' வந்தது. கிழட்டு தாதா சிங்கப்பெருமாளாக ஜாக்கி ஷெராஃப். படுக்கையறையிலேயே தோற்றுப்போய் நிற்கும் தாதா. அவரிடம் கையாள் பசுபதி, "டொக்காயிட்டீங்களா?" என்கிற மாதிரி ஒரு சொல்லை விட்டுவிடுகிறான். படத்தில் அதற்குப் பிறகு நடக்கும் அத்தனை துரத்தலும் அத்தனை ரத்தமும் அந்த ஒரு சொல்லில் இருந்து கிளம்புகின்றன. துரோகத்தைக்கூட தாதா தாங்குவார். 'டொக்கு' என்ற பட்டத்தைத் தாங்க மாட்டார்.

படம் அறிமுக இயக்குநருக்கும் படத்தொகுப்புக்கும் தேசிய விருது வாங்கியது. தியேட்டரில் ஓடவில்லை. இன்று அதைக் கொண்டாடாத சினிமா மாணவர் கிடையாது. அன்று முதல் வாரத்தில் டிக்கெட் வாங்கியவர்களில் நானும் ஒருவன். எங்கே சிரிப்பது என்று தெரியாமல் அரங்கம் திணறியது நினைவிருக்கிறது. ஒருவன் சாகப்போகும் காட்சியில் பின்னால் ஒருவர் சிரித்தார். முன்னால் இருந்தவர் திரும்பி முறைத்தார். ரவுடி படத்தில் எப்போது சிரிக்கலாம் என்று தமிழ் ரசிகருக்கு அதுவரை யாரும் பழக்கியிருக்கவில்லை.

பழக்கியது 2013 மே தினத்தன்று வந்த 'சூது கவ்வும்'. இதை எடுத்த நலன் குமாரசாமியும், 'பீட்சா' எடுத்த கார்த்திக் சுப்பராஜும் 'நாளைய இயக்குநர்' என்ற டி.வி. குறும்பட நிகழ்ச்சியில் இருந்து வந்தவர்கள். ஐந்து, பத்து நிமிடத்துக்குள் சொல்லி முடித்தாக வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு ஒரு நக்கல் மொழியைக் கொடுத்திருக்க வேண்டும். விஜய் சேதுபதியின் தாஸ், ஆள் கடத்தலுக்கு விதிமுறை எழுதி வைத்திருக்கும் ஆள். அதிகாரம் உள்ளவர்கள் மேல் கை வைக்கக் கூடாது என்பது அவருக்கு வேதம். கூடவே கண்ணுக்குத் தெரியாத ஒரு காதலி. கூட்டாளிகளில் ஒருவர் நயன்தாராவுக்குக் கோயில் கட்டியதால் ஊரை விட்டுத் துரத்தப்பட்டவர். இவர்கள் யாரும் கத்தி எடுக்கப் பிறந்தவர்கள் கிடையாது. வேலை இல்லாதவர்கள், வேலை போனவர்கள்.

படத்தின் கூர்மை அங்கே இல்லை. நேர்மையான அமைச்சரின் மகனைக் கடத்துகிறார்கள். பார்த்தால் மகனே அப்பாவிடம் பணம் கறக்கத் திட்டம் போட்டவன். கடைசியில் நேர்மையான அப்பா ஓரங்கட்டப்படுகிறார், மகன் அமைச்சராகிறான். கடத்தல்காரன் கோமாளி, அவனைவிடத் தேர்ந்த கடத்தல்காரர்கள் கோட்டையில் இருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது படம் ஒரு இடத்தில்கூடக் குரலை உயர்த்தவில்லை. தாஸுக்கு ஒரு பஞ்ச் வசனம் கிடையாது, பழிவாங்கும் ஃபிளாஷ்பேக் கிடையாது. அதே நாளில் சிவகார்த்திகேயனின் 'எதிர்நீச்சல்' வந்தும், இரண்டு படமும் ஓடின.

அ. குமாரின் ரசிகர்கள்

2014 ஆகஸ்ட் 1. கார்த்திக் சுப்பராஜின் 'ஜிகர்தண்டா'. ரவுடிகளையும் ரசிகர்களையும் சினிமாக்காரர்களையும் ஒரே கூண்டில் ஏற்றிய தமிழ்ப்படம் இது ஒன்றுதான் என்பேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ரத்தம் தெறிக்க ஒரு ரவுடி படம் எடுக்க ஆசைப்படும் இளம் இயக்குநர் கார்த்திக் (சித்தார்த்), நிஜ ரவுடியைக் கூட இருந்து கவனிக்க மதுரைக்கு வருகிறான். அங்கே அசால்ட் சேது (பாபி சிம்ஹா). தன்னைப் பற்றி எழுதிய பத்திரிகைக்காரரை எரித்துக் கொல்பவன். முதல் பாதி முழுக்க இந்த மனிதனைப் பார்த்து நமக்குக் குலை நடுங்குகிறது. மாட்டிக்கொண்ட கார்த்திக், உண்மையைச் சொல்கிறான்: உங்களை வைத்துப் படம் எடுக்க வந்தேன். சேதுவுக்கு ஒரே குஷி. ஒரு நிபந்தனை மட்டும் போடுகிறான்: ஹீரோவாக நானே நடிப்பேன்.

அவனுக்கு நடிப்பு வராது. வாத்தியாரை (குரு சோமசுந்தரம்) வரவழைத்து, மொத்தக் கூட்டத்துக்கும் நடிப்புப் பயிற்சி நடக்கிறது. கொலைகாரர்கள் வரிசையாக நின்று அழுகையும் சிரிப்பும் பழகும் காட்சிகளில் தியேட்டர் அதிர்ந்தது. கார்த்திக், சேதுவுக்குத் தெரியாமலேயே அந்தப் படத்தை நகைச்சுவைப் படமாக முடித்துவிடுகிறான். பெயர் 'அ. குமார்'. முதல் நாள் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து தன் படத்தைப் பார்க்கிறான் சேது. கெத்து என்று நினைத்து அவன் செய்த ஒவ்வொன்றுக்கும் அரங்கம் விழுந்து விழுந்து சிரிக்கிறது.

இதாமியின் கதையேதான். ஆனால் கார்த்திக் சுப்பராஜ் இங்கே ஒரு திருப்பம் வைக்கிறார். கொலைவெறியோடு இயக்குநரைத் தேடும் சேதுவை அந்தச் சிரிப்பே மெல்ல மாற்றுகிறது. அதுவரை ஜனங்கள் முகத்தில் பயத்தை மட்டுமே பார்த்தவன், முதல் தடவையாக வேறொன்றைப் பார்க்கிறான். அவன் நடிகனாகிறான். அதுவரை பயந்தாங்கொள்ளியாக இருந்த இயக்குநரோ சேதுவின் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய், விஜய் சேதுபதியை மிரட்டிக் கால்ஷீட் கேட்கிறான். விஜய் சேதுபதியாகவே வந்து சிரிக்க வைத்துவிட்டுப் போகிறார் விஜய் சேதுபதி. அந்தக் கடைசிக் காட்சியின் கசப்பு பலருக்கு உறைக்கவே இல்லை. கைதட்டிக்கொண்டே எழுந்து போனார்கள்.

பாபி சிம்ஹாவுக்குச் சிறந்த துணை நடிகர், விவேக் ஹர்ஷனுக்குப் படத்தொகுப்பு என இரண்டு தேசிய விருதுகள். கன்னடத்தில் அதே பெயரில், தெலுங்கில் 'கத்தலகொண்ட கணேஷ்' (2019), இந்தியில் 'பச்சன் பாண்டே' (2022) என்று கதை ஊர் ஊராகப் போனது. தெலுங்கில் ரவுடி வேடம் வருண் தேஜுக்கு, இந்தியில் அக்ஷய் குமாருக்கு. ஸ்டார் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் கதையின் அடிமடி கிழிந்துவிட்டது. அசிங்கப்பட வேண்டிய ஆள் ஸ்டாராக இருந்தால் ரசிகர் எப்படி அவரைப் பார்த்துச் சிரிப்பார்? 2014-ல் பாபி சிம்ஹா ஸ்டார் இல்லை. அது அந்தப் படத்துக்குக் கிடைத்த அதிர்ஷ்டம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம்முடைய சிரிப்பு எப்போதும் அதிகாரத்தின் மேல் விழுவதில்லை. தமிழ் சினிமாவின் காமெடி ரவுடிகளில் பெரும்பாலோர் வடசென்னைக்காரர்கள். மெட்ராஸ் பாஷை பேசுவார்கள். கறுத்த நிறம், பரட்டைத் தலை. நாம் சிரிப்பது அவன் ரவுடித்தனத்தைப் பார்த்தா, 'இன்னா' என்று அவன் இழுக்கும் பேச்சைப் பார்த்தா? 'ஜிகர்தண்டா' வந்த அதே 2014-ல், இரண்டு மாதம்கூட ஆகாமல், பா. இரஞ்சித்தின் 'மெட்ராஸ்' வந்தது. வியாசர்பாடி இளைஞர்கள் கால்பந்து ஆடுகிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், காதலிக்கிறார்கள். ஒரு சுவருக்காக அரசியல்வாதிகள் அவர்களைப் பலி கொடுக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகு பழைய காமெடி ரவுடிகளில் பாதிப் பேரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வாய் வரவில்லை. நக்கல் என்றால் மேலே இருப்பவனை இழுத்துக் கீழே உட்கார வைக்க வேண்டும். கீழே கிடப்பவனை இன்னொரு மிதி மிதிப்பதற்கு வேறு பெயர்.

அந்த விதத்தில் 'நானும் ரவுடிதான்' படம் எனக்குப் பிடிக்கும். போலீஸ் அம்மாவின் மகன், பாண்டிச்சேரியில் ரவுடி ஆகத் துடிக்கிறான். கொலை செய்வேன் என்று காதலிக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, படம் முழுக்க அதைச் செய்யத் தெரியாமல் முழிக்கிறான். பார்த்திபனின் கிள்ளிவளவனோ நிஜமாகவே கொடூரமானவன், சிரித்துக்கொண்டே கொடூரமானவன். போலி ரவுடி நல்லவன், நிஜ ரவுடி கட்சிக்காரன் என்று படம் சரியான இடத்தில் கோடு போட்டது.

விசில் எங்கே திரும்பியது?

அதன் பிறகு காற்று வேறு பக்கம் அடிக்கத் தொடங்கியது. நெல்சனின் 'கோலமாவு கோகிலா' (2018) வரை எனக்குப் புகார் இல்லை. போதைப் பொருள் கும்பலை ஒரு சாதாரண வீட்டுப் பெண் அப்பாவி முகத்தோடு ஒவ்வொருவராகக் கவிழ்ப்பதில் பழைய நாட்டுப்புறக் கதையின் குசும்பு இருந்தது. 2023-ல் 'ஜெயிலர்' வந்தபோது அதே குசும்பு வேறு வேலைக்குப் போனது. அடியாட்கள் உளறுகிறார்கள், நாம் சிரிக்கிறோம். அடுத்த நொடி தலை உருள்கிறது, விசில் அடிக்கிறோம். சிரிப்பு இப்போது விசிலுக்கு முன் பரிமாறும் ஊறுகாய். வில்லன் வர்மனாக வந்த விநாயகனை ஜனங்கள் வெறுக்கவில்லை, கொண்டாடினார்கள். அவர் பேசிய 'மனசிலாயோ' மீம் ஆகி, ஊர்ப் பேச்சாகி, அடுத்த வருடம் 'வேட்டையன்' படத்தில் பாட்டாகவே வந்துவிட்டது.

இதன் உச்சம் மலையாளத்தில் நடந்தது. 2024 ஏப்ரலில் வந்த 'ஆவேஷம்' படத்தை டப்பிங்குக்குக் காத்திருக்காமல் நம் கல்லூரிப் பிள்ளைகள் மலையாளத்திலேயே பார்த்தார்கள். பெங்களூரு ரவுடி ரங்காவாக ஃபகத் ஃபாசில்: வெள்ளை உடை, உடம்பெல்லாம் தங்கம், நட்புக்கு ஏங்கும் குழந்தை மனம். முதல் பாதியில் இந்த ஆள் டுபாக்கூரா, நிஜமா என்று நம்மைக் குழப்பி விளையாடுகிறார் ஜித்து மாதவன். அற்புதமான விளையாட்டு. ஆனால் ரங்கா நிஜம்தான் என்று தெரிகிற இடத்தில் படம் அவன் பக்கம் சாய்ந்து, பின்னணி இசையை ஏற்றி, அவனை உயரத் தூக்கி நிறுத்திவிடுகிறது. தியேட்டரும் எழுந்து நிற்கிறது. படம் வந்த அடுத்த மாதமே திருச்சூரில், சிறையில் இருந்து வெளியே வந்ததைக் கொண்டாட ஒரு ரவுடி வயல்வெளியில் கூட்டாளிகளுக்கு விருந்து வைத்தார். அதை ரங்காவின் வசனத்தோடு ரீல்ஸாகவும் போட்டார்கள்.

யாகுஸாக்கள் இதாமியின் முகத்தைக் கத்தியால் கிழித்தார்கள். இவர்கள் நன்றி சொல்லி ரீல்ஸ் போடுகிறார்கள். ஒரு நக்கல் படம் வென்றதா தோற்றதா என்று பார்க்க இதைவிடத் தெளிவான அளவுகோல் எனக்குத் தோன்றவில்லை. அமெரிக்காவிலும் இது நடந்ததுதான். 'காட்ஃபாதர்' எடுக்கக் கூடாது என்று 1971-ல் எதிர்ப்புக் கிளப்பிய அமைப்பின் தலைவர் ஜோ கொலம்போ, தானே ஒரு மாஃபியா குடும்பத் தலைவர். வசனத்தில் 'மாஃபியா' என்ற சொல் வரக் கூடாது என்பதோடு சமாதானம் ஆனார்கள். படம் வந்த பிறகு நிஜ மாஃபியாக்கள் அதைப் பார்த்துப் பேசவும் நடக்கவும் பழகிக்கொண்டார்கள்.

ரசிகர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தெருமுனையில் நிற்பவனைப் பார்த்துச் சிரிக்க முடியாதவர்கள்தான் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து உள்ளே சிரிக்கிறார்கள். வட்டிக்காரனின் பைக் சத்தம் கேட்டால் கதவைச் சாத்தும் குடும்பத்துக்கு இரண்டரை மணி நேர இளைப்பாறல் தேவைப்படுகிறது. அதே குடும்பத்துக்கு, நம் பக்கமும் ஒரு ரவுடி இருந்தால் தேவலையே என்ற ஆசையும் இருக்கிறது. சிரிப்பு முதல் உணர்ச்சிக்கு, விசில் இரண்டாவதற்கு. இரண்டும் ஒரே வாயில் இருந்துதான் வருகின்றன. எதை வரவைப்பது என்று தீர்மானிப்பவர், கேமராவுக்குப் பின்னால் நிற்பவர்.

எனவே அடுத்த ரவுடிக் கதையை எழுதிக்கொண்டிருக்கும் இயக்குநர்களிடம் ஒரு ரசிகனாகக் கேட்கிறேன். உங்கள் ரவுடியை இடைவேளை வரை எவ்வளவு வேண்டுமானாலும் கலாயுங்கள். கடைசி இருபது நிமிடத்தில் அவனுக்கு ஸ்லோ மோஷன் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.